உங்க வீட்டு வால்வு எங்கே இருக்கு?



மேடையில பேசி எனக்குப் பழக்கம் இல்லீங்க. போன மாசம் நம்ம கூட்டமைப்புக் கட்டிடத்தில கை கழுவுற குழாய் ஒழுகிக்கிட்டே இருந்தது. அதை நான் கழட்டிச் சரி பண்ணினதைப் பார்த்துட்டுத் தலைவி அக்கா, "இதையே ஆண்டு விழாவில பேசு"ன்னு சொல்லிட்டாங்க. கடன், வட்டி, மாட்டு லோன்னு மத்தவங்க பேசுவாங்க, நான் குழாயைப் பத்திப் பேசுறேன். சிரிக்காதீங்க, இதுவும் காசு விஷயம்தான்.

தமிழ்நாட்டில மகளிர் குழு முதல்ல ஆரம்பிச்சது 1989ல, நம்ம தர்மபுரி மாவட்டத்திலதான்னு எல்லாக் கூட்டத்திலயும் பெருமையாச் சொல்றோம். அந்தக் காலத்து அக்காங்களைக் கேட்டுப் பாருங்க. குடத்தை வரிசையில வச்சுட்டுத்தான் கூட்டத்துக்கே வருவோம்னு சொல்வாங்க. இன்னிக்கு ஒகேனக்கல் தண்ணி தெருவுக்கு வருது. 2019ல ஜல் ஜீவன் திட்டம் வந்த பிறகு வீட்டுக்கு வீடு குழாய் போடுறாங்க. ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர்னு கணக்கு. 5 பேர் இருக்கிற வீட்டுக்கு 275 லிட்டர். பொழங்குறதுக்கு போர் தண்ணி, மாடியில டேங்க். எல்லாம் சரிதான். ஆனா ஒரு குழாய் ஒடைஞ்சா போதும், அன்னிக்கே நாம குடத்தைத் தூக்கிக்கிட்டு அந்தப் பழைய காலத்துக்குப் போயிடுறோம். அதுவும் நாம மட்டும்தான் போறோம். வீட்டுக்காரர் ஓசூர்லயோ பெங்களூர்லயோ வேலையில இருப்பார். போன் போட்டா, "பிளம்பரைக் கூப்பிடு, நான் என்ன பண்றது இங்க இருந்து"ன்னு சொல்வார். பிளம்பர் வருவார். வாசல்ல நின்னுக்கிட்டு முதல் கேள்வி, "சார் இல்லீங்களா?"

சார் இருந்தாலும் அந்தக் குழாயை அவர் திறந்து பார்த்திருக்க மாட்டார், அது வேற விஷயம்.

எங்க குழுவில நடந்த ஒண்ணைச் சொல்றேன். பேர் வேண்டாம், தங்கச்சி இங்கதான் எங்கயோ உட்கார்ந்திருக்கு. மாசக் கூட்டத்தில 14,000 ரூபாய் உள் கடன் கேட்டுது. எதுக்குன்னு கேட்டோம். வீட்டில பாத்ரூம்லயும் சமையல்கட்டுலயும் தண்ணி நூல் மாதிரி வருது, பிளம்பர் வந்து பார்த்துட்டு, பைப் லைன் முழுக்க உப்பு அடைச்சிருக்கு, சுவத்தை ஒடைச்சு மொத்தமா மாத்தணும்னு சொல்லிட்டார்னு சொல்லிச்சு. 14,000 ரூபாய்க்கு எழுதிக் கையெழுத்துப் போடுற நேரம். நான் ஒரு கேள்விதான் கேட்டேன். "கொல்லைப்பக்கம் துணி துவைக்கிற இடத்துக் குழாயில எப்படி வருது?"

"அதுல நல்லாத்தான்க்கா வருது."

அந்தக் கொல்லைக் குழாய்க்கும் அதே டேங்க்தான். அதே போர் தண்ணிதான், அதே உப்புதான். அது நல்லா வருது, வீட்டுக்குள்ள போற ரெண்டுலயும் வரலைன்னா, ரெண்டுக்கும் பொதுவா இருக்கிற இடத்திலதானே கோளாறு இருக்கணும்? கூட்டம் முடிஞ்சதும் நாலு பேர் போய் மாடி ஏறிப் பார்த்தோம். வீட்டுக்குள்ள போற லைன்ல ஒரு கேட் வால்வு. வட்டமா சக்கரம் வச்சது. சக்கரத்தைத் திருப்பினா சும்மா சுத்திக்கிட்டே இருக்கு, நிக்கவே இல்லை. உள்ளே கதவு மாதிரி ஒரு தகடு இருக்கும். உப்புத்தண்ணியில அதோட தண்டு அரிச்சுப் போய், கதவு கீழயே விழுந்து கிடக்கு. சக்கரம் சுத்துது, கதவு ஏறலை. வேற ஒரு பிளம்பரைக் கூப்பிட்டு அந்த ஒரு வால்வை மட்டும் மாத்தினோம். பொருள், கூலி எல்லாம் சேர்த்து 700 ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. அந்த 14,000ல தங்கச்சி அப்புறம் ரெண்டு ஆடு வாங்கிச்சு.

முதல்ல வந்தவர் வேணும்னே ஏமாத்தினார்னு நான் சொல்ல வரலை. அவர் பாத்ரூம் குழாயைத் திறந்தார், தண்ணி வரலை, நம்ம ஊர்ல உப்பு அடைக்கிறது வழக்கம், அதனால அப்படிச் சொல்லிட்டார். மாடி ஏறிப் பார்க்கலை. ஏறிப் பாருங்கன்னு சொல்ல அங்க ஆள் இல்லை. அந்த ஆள் நாமதான்.

அதனால நான் எந்த வீட்டுக்குப் போனாலும் கேக்கிற முதல் கேள்வி, உங்க வீட்டு வால்வு எங்கே இருக்கு? பத்துல எட்டு பேருக்குத் தெரியாது. நாளைக்குக் காலையில ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்க. டேங்க்ல இருந்து கீழே வரைக்கும் பைப்பைக் கண்ணால பிடிச்சுக்கிட்டே வாங்க. ஒவ்வொரு வால்வையும் மூடி, எந்தக் குழாய் நிக்குதுன்னு பாருங்க. தெரிஞ்சதும் பெயிண்ட்ல எழுதி வைங்க. "பாத்ரூம்", "சமையல்", "கொல்லை". மகளோ மகனோ இருந்தா அவங்களை எழுதச் சொல்லுங்க, அவங்களுக்கும் தெரிஞ்சு போகும். நீளமா கைப்பிடி வச்ச பால் வால்வுன்னா, கைப்பிடி பைப்போட சேர்ந்து படுத்திருந்தா திறந்திருக்கு, குறுக்கே நின்னா மூடியிருக்கு. மாசம் ஒரு தடவையாவது எல்லா வால்வையும் மூடித் திறக்கணும். நம்ம உப்புத்தண்ணிக்கு அதைச் சும்மா விட்டா அப்படியே இறுகிடும். குழாய் ஒடைஞ்சு பீச்சி அடிக்கிற நேரத்தில போய்த் திருப்பினா அசையாது. பலம் போட்டா கைப்பிடி கையோட வந்துடும். வாஷ் பேசினுக்குக் கீழே, கக்கூஸ் பிளஷ் டேங்க் பக்கத்தில சின்னதா ஆங்கிள் காக் இருக்கும், அதையும் சேர்த்துக்குங்க. அதை மூடினா வீட்டுத் தண்ணியை நிறுத்தாம அந்த ஒண்ணை மட்டும் கழட்டலாம்.

இப்ப சொட்டுற குழாய்க்கு வர்றேன். சொட்டுதானேன்னு விடுறோம். எங்க வீட்டில ஒரு நாள் ராத்திரி 9 மணிக்கு ஒரு வாளியை வச்சுக் காலையில 6 மணிக்குப் பார்த்தேன். 10 லிட்டர் வாளியில பாதி. ஒரு முழு நாளைக்குக் கணக்குப் போட்டா 13 லிட்டர், ஒரு குடம். மாசத்துக்கு 30 குடம். அதை மேல ஏத்த ஓடுற மோட்டார் கரண்ட் தனி. 1 ஹெச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினா முக்கால் யூனிட்டுக்கு மேல போகும். 100 யூனிட் இலவசத்துக்குள்ள நிக்கணும்னு பார்க்கிறவங்களுக்கு இது தெரியும்.

நாலஞ்சு சுத்துத் திருகி மூடுற பழைய மாதிரிக் குழாய்னா, உள்ளே ஒரு ரப்பர் வாஷர் இருக்கும். அது தேய்ஞ்சதுதான் சொட்டுறதுக்குக் காரணம். வால்வை மூடிட்டு, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணியை விட்டுட்டு, மேல் தலையை ஸ்பானர்ல இடப்பக்கமாத் திருப்பினா கழண்டு வரும். பழைய வாஷரை எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போங்க. அளவு சொல்லி வாங்காதீங்க, பழசைக் காட்டி வாங்குங்க. சில்லறைக் காசுல முடியுற வேலை. மாட்டும்போது குழாயை மூடுற மாதிரி இறுக்கி வச்சு மாட்டக் கூடாது. கொஞ்சம் திறந்த நிலையில வச்சு மாட்டணும், இல்லன்னா புது வாஷர் அப்பவே நசுங்கும்.

கால் சுத்துல திறந்து மூடுற புது மாதிரிக் குழாய்க்கு வாஷர் இல்லை. ஸ்பிண்டில்னு முழுசா ஒண்ணு மாத்தணும். அதுக்கும் பழசைக் கையோட கொண்டு போகணும். பல்லு எண்ணிக்கை ஒவ்வொரு கம்பெனிக்கும் வேற. பிளாஸ்டிக் குழாய்னா அதை ரிப்பேர் பண்ண மெனக்கெட வேண்டாம், மொத்தமா மாத்திடலாம்.

குழாய் மாத்தும்போது நம்ம ஆளுங்க பண்ற ஒரு காரியம் இருக்கு. ஒழுகக் கூடாதுன்னு பலம் எல்லாம் போட்டு முறுக்குவாங்க. சுவத்துக்குள்ள இருக்கிற பி.வி.சி. எல்போ விரிஞ்சு போகும். வெளியே ஒழுகினது உள்ளே ஒழுக ஆரம்பிக்கும், ஒரு மாசம் கழிச்சுச் சுவர் பூத்துத்தான் தெரியும். முறுக்குறதுல இல்லை விஷயம், டெஃப்லான் டேப்புல இருக்கு. வெள்ளையா ரிப்பன் மாதிரி வரும். மரை நம்மைப் பார்த்த மாதிரி குழாயைப் பிடிச்சுக்கிட்டு, கடிகார முள் போற பக்கமா இழுத்துப் பிடிச்சு பத்துப் பன்னிரெண்டு சுத்து சுத்தணும். எதிர்ப் பக்கமா சுத்தினா குழாயைத் திருகும்போது டேப்பு உரிஞ்சு சுருண்டுக்கும். கையாலயே முக்கால்வாசி திருகிட்டு, கடைசிக்கு மட்டும் ஸ்பானர். புதுசா வீடு கட்டுறவங்க யாராவது இருந்தா, குழாய் வர்ற இடத்தில எல்லாம் பித்தளை மரை வச்ச எல்போவாப் போடச் சொல்லுங்க. கொஞ்சம் கூட ஆகும். ஆனா அப்புறம் சுவத்தை ஒடைக்கிற வேலை வராது.

தண்ணி மெதுவா வருதுன்னா, ஒரே ஒரு குழாயிலயா, எல்லாத்துலயுமான்னு முதல்ல பாருங்க. ஒண்ணுலன்னா அந்தக் குழாய் வாயில இருக்கிற சல்லடை, ஷவர்னா அதோட ஓட்டை, உப்பு கட்டியிருக்கும். கழட்டி எலுமிச்சைச் சாறுலயோ கெட்டியாக் கரைச்ச புளித்தண்ணியிலயோ ராத்திரி ஊற வச்சுப் பழைய பல் பிரஷ்ல தேய்ச்சா விட்டுடும். டேங்க் சுத்தமா காலியாகி மறுபடி நிரப்பின பிறகு தண்ணி வரலைன்னா அது அடைப்பு இல்லை, காத்து நிக்குது. நல்லா தண்ணி வர்ற வேற குழாயில இருந்து ஒரு ஓஸைக் கட்டி, வராத குழாய் வாயில மாட்டி, ரெண்டையும் திறந்து விட்டா, கீழே இருந்து தண்ணி ஏறிக் காத்தை மேலே தள்ளிடும். இதுக்கு 300 ரூபாய் கொடுத்தவங்க நம்ம ஊர்லயே இருக்காங்க.

பி.வி.சி. பைப் ஒடைஞ்சா வால்வை மூடிட்டு, ஒடைஞ்ச இடத்தை ஆக்ஸா பிளேடுல நேரா அறுத்து எடுத்து, கப்ளிங் போட்டு ஒட்டலாம். ஈரம் துளி இருக்கக் கூடாது. உப்புத்தாள்ல தேய்ச்சு, பைப் மேலயும் கப்ளிங் உள்ளயும் சொல்யூஷனைத் தடவி, உள்ளே தள்ளி ஒரு கால் சுத்துத் திருப்பி, முப்பது எண்ற வரைக்கும் விடாமப் பிடிச்சுக்கணும். அப்புறம் அவசரப்பட்டுத் தண்ணியைத் திறக்காதீங்க, டப்பாவுல போட்டிருக்கிற நேரம் வரைக்கும் விடுங்க. சொல்யூஷன் வாடை தலைவலி கொடுக்கும், அடுப்புப் பக்கத்திலயும் வைக்காதீங்க, தீப்பிடிக்கிற சாமான். பொருள் இல்லாத ராத்திரி நேரத்துக்குப் பழைய சைக்கிள் டியூப்பைக் கிழிச்சு இழுத்துச் சுத்திக் கட்டினா காலை வரைக்கும் தாங்கும்.

ஆனா இந்த டியூப் வைத்தியத்தைக் குடிக்கிற தண்ணி வர்ற தெரு லைன்ல பண்ணாதீங்க. அந்த லைன்ல தண்ணி விடாத நேரத்தில, பக்கத்துச் சாக்கடைத் தண்ணி ஒடைஞ்ச இடம் வழியா உள்ளே போகும். மறுநாள் அதையேதான் நாம பிடிச்சுக் குடிக்கிறோம். தெருக் குழாய் லைன் ஒடைஞ்சா தண்ணி திறந்து விடுறவர்கிட்டயும் ஊராட்சி அலுவலகத்திலயும் சொல்லி, வாயில சொன்னதோட விடாம நம்ம குழுத் தீர்மான நோட்டுல எழுதி மனுவாக் கொடுங்க. நாலு குழு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா வேலை நடக்குது, நாங்க பார்த்திருக்கோம். அதே மாதிரி அந்த லைன்ல நேரா மோட்டார் மாட்டி உறிஞ்சுறது சட்டப்படி தப்பு. கடைசி வீட்டுப் பொம்பளைக்கு ஒரு குடம் கூட வராமப் போறதும் அதனாலதான். இதைக் கேக்கும்போது சில பேர் என்னை முறைக்கிறது தெரியுது, இருந்தாலும் சொல்லித்தான் ஆகணும்.

மோட்டார் விஷயத்தில நான் கை வைக்கிறதில்லை. ஓடுது, தண்ணி ஏறலைன்னா உடனே நிறுத்துங்க, தண்ணி இல்லாம ஓடினா கருகிடும். மெயினை ஆஃப் பண்ணிட்டு, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. ஈரக் கையோட ஸ்டார்டர் பெட்டியைத் தொடவே தொடாதீங்க.

அடைப்புக்கு வருவோம். சமையல்கட்டு சிங்க்குக்குக் கீழே சொம்பு மாதிரி ஒண்ணு தொங்கும். அதுக்குக் கீழே வாளியை வச்சுட்டுக் கையாலயே திருகினா கழண்டு வரும், உள்ளே சோத்துப் பருக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும் உட்கார்ந்திருக்கும். கொட்டிக் கழுவி மாட்டினா முடிஞ்சுது. கொதிக்கிற தண்ணியை ஊத்தாதீங்க, பி.வி.சி. இளகி வளைஞ்சுடும், கை பொறுக்கிற சூடு போதும். ஆசிட் ஊத்தின இடத்தில பிளீச்சிங் பவுடர் போடாதீங்க. ரெண்டும் சேர்ந்தா வர்ற புகை நெஞ்சை அடைக்கும். சின்ன பாத்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டுப் பண்ணினா உயிருக்கே ஆபத்து.

கக்கூஸ்ல ஒரு இடத்தில மட்டும் தண்ணி நின்னா அது அடைப்பு. கக்கூஸ்லயும் பாத்ரூம்லயும் சேர்ந்தே மெதுவா இறங்குது, குபுகுபுன்னு சத்தம் வருதுன்னா தொட்டி நிறைஞ்சிருக்கலாம். இரட்டைக் குழி கக்கூஸ்னா ஒரு குழி நிறைஞ்சதும் அடுத்த குழிக்குத் திருப்பி விட்டுட்டு, நிறைஞ்சதைக் குறைஞ்சது ஒரு வருஷமாவது மூடி விடணும். ஒன்றரை வருஷம்னா இன்னும் நல்லது, அதுக்குள்ள மக்கி எருவாயிடும். செப்டிக் டேங்க்னா லாரிதான் வரணும்.

இந்த இடத்தில கொஞ்சம் நின்னு கேளுங்க. லாரிக்காரர் காசு கூடக் கேக்குறார்னு, தெரிஞ்ச ஆள் ஒருத்தரை இறக்கி விட்டு வாளியில மொண்டு ஊத்தச் சொல்ற பழக்கம் இன்னும் இருக்கு. மூடியைத் திறந்ததும் வாடை போயிடுச்சுன்னு நினைச்சு இறங்குறாங்க. உள்ளே நிக்கிற விஷ வாயு கண்ணுக்குத் தெரியாது, ரெண்டு மூச்சுல ஆளை மயக்கிக் கீழே தள்ளிடும். விழுந்தவரைத் தூக்க இறங்குறவரும் அங்கயே விழுவார். ஒரே தொட்டியில ரெண்டு பேர், மூணு பேர் செத்தாங்கன்னு பேப்பர்ல படிக்கிறோமே, அது இப்படித்தான். 2013ஆம் வருஷம் வந்த சட்டப்படி, பாதுகாப்பு இல்லாம ஆளை இறக்கிச் சுத்தம் பண்ண வைக்கிறது குற்றம். முதல் தடவைக்கே 2 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா 2 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டுமே கூட விழலாம். அந்த ஆளைக் கூப்பிடுறது பெரும்பாலும் வீட்டில இருக்கிற நாமதான். சட்டத்துக்குப் பயந்து வேண்டாம், இறங்குறவர் வீட்டிலயும் நம்மள மாதிரி ஒருத்தி இருப்பா, அவளுக்காக வேண்டாம். லாரிக்குக் காசு இல்லைன்னா குழுவில கேளுங்க. அந்தக் கடனுக்கு எந்தக் குழுவும் இல்லைன்னு சொல்லாது, சொல்லவும் கூடாது.

சரி, நம்மால முடியாதுன்னு தெரிஞ்சு ஆளைக் கூப்பிடுறோம். போன்லயே நாலு விஷயம் சொல்லிடணும். எந்த இடம், எத்தனை நாளா, ஒரு குழாயா எல்லாமா, வால்வை மூடினா நிக்குதா நிக்கலையா. கூடவே ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. அப்படிச் சொன்னா அவர் சரியான சாமானோட வருவார், பாதி வேலையில "கடைக்குப் போயிட்டு வர்றேன்"னு போய்ச் சாயங்காலம் வர மாட்டார். வந்து பார்க்க மட்டும் எவ்வளவு, வேலைக்கு மொத்தமாவா நாள் கூலியா, சாமான் யார் வாங்குறது, இதையும் வர்றதுக்கு முன்னாடியே கேளுங்க. கேட்டா கோவிச்சுக்குவாரோன்னு கூச்சப்படுறோம். நல்ல வேலைக்காரர் கோவிச்சுக்க மாட்டார், அவருக்கும் கடைசியில பேரம் பேசுற தொல்லை மிச்சம்.

வேலை நடக்கும்போது பக்கத்தில நில்லுங்க. டீ போடுறேன்னு உள்ளே போனா திரும்பி வர்றதுக்குள்ள முடிஞ்சிருக்கும். டீயை முன்னாடியே போட்டு வச்சிடுங்க. "என்ன கோளாறு, எதனால வந்தது"ன்னு கேளுங்க. கழட்டின பழைய சாமானை இங்கயே வச்சுட்டுப் போகச் சொல்லுங்க. கடை பில்லை வாங்கி வைங்க. காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி தண்ணியைத் திறந்து விட்டு, பத்து நிமிஷம் கழிச்சு, ஜாயிண்ட்டுக்குக் கீழே பழைய நியூஸ் பேப்பரை வச்சுப் பாருங்க. சொட்டு விழுந்தா பேப்பர்ல தெரிஞ்சுடும், கண்ணுக்குத் தப்பினாலும் அதுக்குத் தப்பாது.

இந்த சர்வீஸ்காரங்க விஷயத்தில ஆர்.ஓ. மெஷினைப் பத்திச் சொல்லாம விட முடியாது. நம்ம மாவட்டத்துல போர் தண்ணியில புளோரைடு இருக்கு, பல்லு மஞ்சளாகுது, மூட்டு வலிக்குதுன்னு எல்லாருக்கும் ஒரு பயம். அந்தப் பயம் நியாயமானதுதான். காய்ச்சினாலும் புளோரைடு போகாது. அதுக்காகத்தானே ஒகேனக்கல் திட்டமே வந்தது. ஆனா இந்தப் பயத்தை வச்சு வியாபாரம் பண்ண வர்றாங்க. எங்க தெருவுக்கு ஒருத்தர் வந்தார். ரெண்டு டம்ளர்ல தண்ணி வச்சார். ஒண்ணு எங்க குழாய்த் தண்ணி, ஒண்ணு அவர் மெஷின் தண்ணி. கம்பி வச்ச ஒரு கருவியை ரெண்டுலயும் விட்டுக் கரண்ட் கொடுத்தார். எங்க தண்ணி சேறு மாதிரி பழுப்பாயிடுச்சு, அவரோடது அப்படியே இருந்தது. "பாருங்க, இதைத்தான் உங்க குழந்தைக்குக் குடுக்கிறீங்க"ன்னு சொன்னார். ஒரு அக்கா அழுதே போச்சு.

அது தண்ணியில இருந்த அழுக்கு கிடையாதுங்க. தண்ணியில கரைஞ்ச உப்பு இருந்தா அதுல கரண்ட் பாயும். கரண்ட் பாய்ஞ்சா அந்த இரும்புக் கம்பி கரையும். அந்தத் துருதான் பழுப்பு. ஆர்.ஓ. தண்ணியில உப்பு ரொம்பக் குறைவு, கரண்ட் பாயாது, அதனால கம்பி கரையலை. அவர் மெஷின் தண்ணியில ஒரு சிட்டிகை கல்லுப்பைப் போட்டு விடச் சொல்லுங்க, அதுவும் பழுப்பாயிடும். நான் அன்னிக்கு உப்பு ஜாடியை எடுத்துட்டு வந்ததும் அவர் டம்ளரைக் கவுத்துட்டார்.

மெஷின் இருக்கிற வீட்டுல, சர்வீஸுக்கு வர்றவர் ஒவ்வொரு தடவையும் "உள்ளே எல்லாம் போயிடுச்சு, மாத்தணும்"னு சொன்னா, டி.டி.எஸ். மீட்டரை வச்சு வர்ற தண்ணியையும் போற தண்ணியையும் அளந்து காட்டச் சொல்லுங்க. முன்னாடி இருக்கிற பில்டர் பழுப்பாகுறது இயற்கை, அது அழுக்கைப் பிடிக்கத்தான் இருக்கு. விலை கூடின மெம்பிரேனை மாத்தணுமான்னு அந்த மீட்டர் எண் சொல்லும். ஒவ்வொரு தடவையும் எண்ணைத் தேதியோட நோட்டுல எழுதுங்க. ரசீது இருந்து ஏமாத்தினா 1915ங்கிற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் பண்ணலாம். உங்க தண்ணியில புளோரைடு நெசமாவே இருக்கான்னு தெரிஞ்சுக்க, விக்க வந்தவரைக் கேக்க வேண்டாம். ஜல் ஜீவன் திட்டத்தில ஊருக்கு 5 பெண்களுக்குத் தண்ணி பரிசோதனை பண்ணப் பயிற்சி கொடுக்கணும்னு இருக்கு, பெட்டியும் கொடுக்கிறாங்க. உங்க ஊர்ல அந்த 5 பேர் யாருன்னு ஊராட்சியில கேளுங்க. இல்லைன்னு சொன்னா நம்ம குழுவில இருந்து பேர் கொடுங்க.

கடைசியா கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. நான் சொன்ன வேலைக்கு எல்லாம் வேணும்கிற சாமான் அதிகம் இல்லை. ஒரு பைப் ரெஞ்சு, ஒரு ஸ்பானர், ஆக்ஸா பிளேடு, அடைப்புக் குத்துற ரப்பர், ஒரு டெஸ்டர். கூட டெஃப்லான் டேப், சின்ன டப்பா சொல்யூஷன், அரை இன்ச், முக்கால் இன்ச், ஒரு இன்ச் கப்ளிங், எண்ட் கேப் நாலு நாலு. எண்ட் கேப் ரொம்ப முக்கியம், ஒடைஞ்ச லைனுக்கு ஒரு மூடியைப் போட்டுட்டா மத்த குழாயிலயாவது தண்ணி வரும். ஒவ்வொரு வீடும் இதை வாங்க வேண்டாம். கூட்டமைப்புக் கட்டிடத்தில ஒரு பெட்டியா வாங்கி வச்சு, கொண்டு போறவங்க நோட்டுல கையெழுத்துப் போட்டு எடுத்துட்டுப் போய்ட்டு வரட்டும். நாம லட்சக்கணக்குல கணக்கு எழுதுறோம், ஒரு ரெஞ்சைக் கணக்கு வச்சுக்க முடியாதா?

பத்தாவது முடிச்சுட்டு அடுத்து என்னன்னு தெரியாம வீட்டில இருக்கிற பெண் பிள்ளைகள் இருந்தா, ஐ.டி.ஐ.யில பிளம்பர் பிரிவு ஒரு வருஷப் படிப்பு, அதையும் விசாரிச்சுப் பாருங்க. ஆம்பளைப் பிளம்பர் வந்தா பாத்ரூம் பக்கம் கூட நிக்கக் கூச்சப்படுற வீடு நிறைய இருக்கு. ஒரு பொண்ணு ரெஞ்சோட வந்தா வேண்டாம்னு சொல்ற வீடு எனக்குத் தெரிஞ்சு இந்தக் கூட்டத்தில இல்லை.

கட்டிடத்துல கழட்டின அந்தப் பழைய குழாயைக் கொண்டு வந்திருக்கேன், பையில வாஷரும் டேப்பும் இருக்கு. மைக்கை வச்சுட்டு இப்ப கழட்டி மாட்டிக் காட்டப் போறேன். பின்னாடி உட்கார்ந்திருக்கிறவங்க முன்னாடி வாங்க, ஆளுக்கு ஒரு தடவை டேப்பு சுத்திப் பாருங்க.